மேசைக் கணனியும் டொலரின் பெறுமதியும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திருமண ஒளிப்பதிவுத் தொகுப்பு, மலர் வடிவமைப்பு போன்ற தொழில்களை வீட்டிலிருந்தே செய்யும் எமது இளைஞர்களுக்கு வலுமிக்க மேசைக் கணனி ஆடம்பரப் பொருளல்ல, அது தொழிற்கருவி. அதன் பிரதான பாகங்கள் யாவும் இறக்குமதியாவதால் விலையை நிர்ணயிப்பவர் பம்பலப்பிட்டி வியாபாரி அல்லர், டொலரே. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 1,000 டொலர் பெறுமதியான கணனி, வரிகள் நீங்கலாகவே, இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாகியது. 2024 ஜனவரியில் வற் வரியும் 15 இலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது.

இந்நிலையில் மடிக்கணனியைக் காட்டிலும் மேசைக் கணனியே உகந்தது என்பது எமது கருத்து. மடிக்கணனியின் கிராபிக்ஸ் சிப் பொதுவாகத் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் மாற்ற இயலாது. மேசைக் கணனியிலோ இன்று 16 ஜிகாபைட் நினைவகத்துடன் ஆரம்பித்து, வருமானம் வரும்போது மேலும் சேர்க்கலாம். கிராபிக்ஸ் அட்டையையும் அவ்வாறே மாற்றலாம். ஆனால், மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. வலுக் குறைந்த மின்வழங்கி புதிய அட்டையைத் தாங்காது. யூ.பி.எஸ். சாதனமும் அவசியமே. எனினும் வீட்டுப் பாவனைக்குரிய யூ.பி.எஸ். செய்த வேலையைச் சேமிப்பதற்கான சில நிமிடங்களையே தரும். 2022 மார்ச் இறுதியில் நாம் கண்ட 13 மணி நேர மின்வெட்டுக்கு அது ஈடுகொடுக்காது.