மனத்தாங்கல் தீர்ந்தால்தான் கிறிஸ்துமஸ்!

பண்டிகை வந்தால் வீட்டைக் கழுவி வெள்ளையடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் கிறிஸ்துமஸ் அன்று மனதைக் கழுவினார்கள். அவர்கள்தான் ஷேக்கர்கள்.

பனி பெய்யும் ஷேக்கர் கிராமம். அடைக்கலம் தேடி வரும் அநாதைக் குழந்தை. கிறிஸ்துமஸ் இரவு. இப்படிப்பட்ட கதைகள் அமெரிக்காவில் உண்டு. படித்தால் கண் கலங்கும். ஆனால் நிஜத்தில் அந்தக் குழந்தைக்கு வெளியே ஒரு தாயும் இருந்திருக்கலாம்.

கொல்லர் மகள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஆன் லீ என்ற பெண்மணி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் 1736-ம் ஆண்டு பிறந்தார். தந்தை கொல்லர். மகள் பஞ்சாலைத் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாது. பெற்ற 4 பிள்ளைகளையும் பறிகொடுத்தார். 1774-ல் 8 பேருடன் கப்பல் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஆராதனையின்போது இவர்கள் உடல் குலுங்க ஆடுவார்கள். அதனால் "குலுங்குகிறவர்கள்" என்று ஊரார் கேலியாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

கல்யாணம் கிடையாது. சொத்தெல்லாம் பொது. ஆணும் பெண்ணும் சமம். ஆனால் தனித்தனி வாசல்! சுவர் நெடுக மர முளைகள் இருக்கும். நாற்காலியைக்கூட அதில் மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்குவார்கள். (ஒரே அறையில் எட்டுப் பேராகக் குடியிருக்கும் நம்மவர்கள் கவனிக்க.)

கல்யாணம் இல்லாத இடத்தில் குழந்தைகள் ஏது? அநாதைகளையும், ஏழைகள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளையும் வளர்த்தார்கள். 21 வயதானதும் இருப்பதா, போவதா என்று அவர்களே முடிவு செய்யலாம். பெரும்பாலோர் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் சாப்பாட்டுக்காகச் சேர்ந்து, வெயில் வந்ததும் கம்பி நீட்டியவர்களும் உண்டு. அவர்களுக்குக் "குளிர்கால ஷேக்கர்" என்று பெயர்!

தாய் போட்ட சண்டை

ஷேக்கராகச் சேர்ந்தால் கணவன்-மனைவி உறவு முடிந்தது. அண்ணன்-தங்கை ஆகிவிடுவார்கள். 1814-ல் ஜேம்ஸ் சாப்மன் என்பவர் தன் 3 குழந்தைகளையும் நியூயார்க் மாநிலத்து ஷேக்கர்களிடம் கொண்டுபோனார். மனைவி யூனிஸ் சும்மா இருக்கவில்லை. புத்தகம் எழுதினார். சட்டசபைக்கு மனுப் போட்டார். 1818-ல் அவருக்காகவே தனிச் சட்டம் போட்டு விவாகரத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வந்தார்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் தாயை மறைத்துவிட்டு எழுதும் கதையில் பாதி உண்மைதான் இருக்கும்.

மறு பாதியும் உண்மைதான். கிறிஸ்துமஸ் அன்று ஒருவர் மீது ஒருவருக்குள்ள கோபதாபங்களை விட்டுவிட வேண்டும், அன்று தீர்த்த பிரச்சினையை மறுபடி எடுக்கவே கூடாது என்று அவர்கள் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். ஏழைகளுக்குத் துணி சேர்ப்பதும் அன்றுதான்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் பல ஆயிரம் பேர் இருந்த கூட்டம் இது. 2017-ம் ஆண்டு மெயின் மாநிலத்தில் இரண்டே பேர்தான் மிஞ்சினார்கள்.

இனி நான் சொல்வது கற்பனை.

ஒரு கடிதம்

1850-ம் ஆண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. எல்லோரும் ஆராதனைக்குப் போய்விட்டார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வரவில்லை?" என்று கேட்டார், பெண் பிள்ளைகளைக் கவனித்து வந்த முதிய சகோதரி.

"எனக்கு உங்கள் மீது கோபம். கோபத்தோடு வரக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அம்மா கடிதம் போட்டாளாம். நீங்கள் கொடுக்கவில்லை."

முதியவர் பேசவில்லை. அவரும் ஒரு காலத்தில் கணவரோடும் 3 மகன்களோடும் அந்த வாசலில் நுழைந்தவர்தான். அன்று முதல் மகன்கள் அவருக்குச் சகோதரர்கள்.

உள்ளே போய், மேஜை அறையிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தார்.

"மறைத்தது நான்தான். என்னை மன்னித்துவிடு, குழந்தாய்."

சிறுமி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். கூட்டெழுத்து. அவளுக்குப் படிக்க வரவில்லை. திருப்பி நீட்டினாள்.

"நீங்களே படியுங்கள்."

பாதி படிப்பதற்குள் முதியவரின் குரல் கம்மிவிட்டது. சிறுமி நகர்ந்து, படியில் அவருக்கு இடம் கொடுத்தாள்.

ஜெபக்கூடத்தில் பாட்டு முடிகிற சமயத்தில்தான் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் இந்த வரிசையில் அமர்ந்திருந்த மூன்று நடுவயது ஆண்களைத் தேடிப் பார்த்தார். மற்றவள், பதில் எழுதக் காகிதம் கிடைக்குமா என்று அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள்.