அடமானப் பத்திரமும் அடைக்கலமும்

அகதியைப் பற்றிய நாவல் என்றால் அதில் கண்ணீர் இருந்தாக வேண்டும், அகதிக்கும் அவரை ஆதரிக்கும் அந்நியர் ஒருவருக்கும் இடையே எவரும் எதிர்பாராத சிநேகம் அரும்பியாக வேண்டும் என்று இக்காலப் பதிப்பாளர்கள் ஒரு சூத்திரம் வகுத்து வைத்திருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் இருவரும் தழுவிக்கொள்ள, வாசகரும் தம் மனம் இளகியதைத் தாமே மெச்சிக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். அப்துல்ரசாக் குர்னா 2001இல் வெளியிட்ட ‘பை த ஸீ’ என்னும் ஆங்கில நாவலையும் உள்ளத்தை உருக்கும் அகதிக் கதைகளின் வரிசையில் நிறுத்தியே பலர் பேசுகிறார்கள். அதில் தஞ்சம் தேடி வந்த கிழவர் உண்டு, எதிர்பாராத பிணைப்பும் உண்டு; ஆனால் அந்தப் பிணைப்பு கருணையில் விளைந்ததன்று, ஒரு வீட்டு அடமானத்தில் விளைந்தது.

2021இல் நோபல் பரிசு பெற்றவரைப் பற்றி நீட்டி முழக்க வேண்டுவதில்லை. 1948இல் ஜான்சிபார் தீவில் பிறந்து, 1964 ஜனவரியில் நடந்த புரட்சியின் பின்விளைவுகளை இளம்பிராயத்திலேயே கண்டு, பதினெட்டைக் கடந்ததும் இங்கிலாந்துக்கு ஓடி வந்து, பிற்பாடு கென்ட் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் போதித்தவர் என்பது போதும்.

கதை காட்விக் விமான நிலையத்தில் நவம்பர் மாதத்துப் பிற்பகல் ஒன்றில் தொடங்குகிறது. அறுபத்தைந்து வயதான சாலே ஒமர் என்ற மரச்சாமான் வியாபாரி, சிறு பை ஒன்றுடன் வந்து இறங்கி, ‘அகதி’, ‘அடைக்கலம்’ என்ற இரண்டொரு சொற்களுக்கு மேல் ஆங்கிலம் அறியாதவர்போல் நிற்கிறார். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்தாம், ஆனால் பேசாதிருப்பதே நலமென்று பயணச்சீட்டு விற்றவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். குடியேற்ற அதிகாரி கெவின் எடெல்மன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கையில், மகோகனி மரத்தால் ஆன சிறு பேழை ஒன்று வெளிப்படுகிறது. உள்ளே அகில் இருக்கிறது. பூஞ்சணம் பற்றிய மரத்தில் மட்டுமே ஊறும் பிசின் அது. அராபியரும் பாரசீகரும் நூற்றாண்டுக் கணக்காகக் கடல் கடந்து விற்றும் வாங்கியும் வந்த வாசனைச் சரக்கு. அதிகாரி மூடியைத் திறந்து முகர்கிறார், என்ன ஏதென்று விசாரிக்கிறார், பதில் இல்லை. தம்முடைய தாய்தந்தையரும் ருமேனியாவிலிருந்து வந்த அகதிகளே என்றும், ஆயினும் அவர்கள் ஐரோப்பியர் ஆகையால் உரிமையோடு வந்தவர்கள் என்றும், தமக்கு விளங்காதென்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் பேசுவதையெல்லாம் கிழவர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு பேழை போய்விடுகிறது. விண்ணப்பத்தை ஏற்கும் முகாந்திரமாகவோ, நிராகரிப்பின் அடையாளமாகவோ அல்ல; வெறுமனே அதிகாரிக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார். ரசீது இல்லை.

ரசீது இல்லை என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். இந்த நாவலை எழுத்தெழுத்தாகப் படித்தால் இது முழுக்க முழுக்கத் தஸ்தாவேஜுகளைப் பற்றிய கதை என்பது புலப்படும். கிழவர் தம் சொந்தப் பெயரில் வரவில்லை. ரஜப் ஷாபான் மஹ்மூத் என்ற இன்னொருவரின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு கடவுச்சீட்டு பெற்று வந்திருக்கிறார். அந்த இன்னொருவர் யாரோ அல்லர், தம்மை அழித்த குடும்பத்தின் தலைவர், தாமும் அழித்த குடும்பத்தின் தலைவர். பெயர் பொய், ஆபத்து மெய். ஆனால் ஆபத்துக்குச் சான்றிதழ் தருவார் எவருமில்லை, பெயருக்கு மட்டும் முத்திரையிட்ட காகிதம் கிடைத்தது.

இனி விவகாரத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஒரு முற்பகல் நின்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கிவிடும். 1960ஆம் ஆண்டு பருவக்காற்றோடு ஜான்சிபாருக்கு வந்த ஹுசேன் என்ற பாரசீக வியாபாரி, நயமாகப் பேசி, சாலே ஒமருக்கு அகிற்பேழையைப் பரிசளித்து நட்பு கொண்டாடுகிறான்; அதே வேளையில் ரஜப் ஷாபானின் வீட்டில் தங்கி அவருக்குக் கடன் கொடுத்து, வீட்டின்மீது எழுதி வாங்கிக்கொள்கிறான். பிறகு அந்தப் பத்திரத்தையே ஈடாக வைத்து சாலே ஒமரிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. கையில் இருப்பது பத்திரம். பணம் போன இடம் தெரியவில்லை. சாலே ஒமர் சட்டப்படி ரஜப் ஷாபானின் வீட்டைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து எடுத்துக்கொள்கிறார். பாத்தியதை உண்டு, வழக்கில் குற்றமில்லை, சாட்சிக் கையெழுத்து சரியாகவே இருக்கிறது. ஒரு குடும்பம் மட்டும் தெருவுக்கு வந்துவிட்டது. சாமான்களில் ஒரு சிறிய கருங்காலி மேசையும் இருந்தது. வீட்டின் மூத்த பிள்ளை ஹசனுக்கு ஹுசேன் கொடுத்த மேசை அது. அந்தப் பிள்ளையோ ஹுசேனின் பின்னாலேயே போய்விட்டான். அதையாவது கேட்டு வாங்கி வா என்று தாய் இளைய மகனைக் கடைக்கு அனுப்ப, அவன் வெறுங்கையோடு திரும்பினான்.

புரட்சிக்குப் பிறகு காற்று திசை மாறிற்று. அந்தத் தாய்க்கு ஆட்சியில் செல்வாக்குள்ள ஓர் அமைச்சரின் தயவு இருந்தது; இப்போது வேறு காகிதங்கள், வேறு முத்திரைகள். சாலே ஒமரின் சொத்து பறிபோய், விசாரணை என்ற பெயரில் ஒரு சடங்கும் நடந்து, அவர் பதினோர் ஆண்டுகள் சிறைவாசம் அனுபவித்து வெளியே வந்தபோது மனைவியும் மகளும் உயிரோடு இல்லை. அவர் சிறைக்குப் போன முதல் ஆண்டிலேயே இருவரும் இறந்துவிட்டார்கள் என்ற சமாசாரம் அப்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது. ஆசிரியர் இதை எவ்வளவு குறைவான வார்த்தைகளில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார் என்பதைப் பார்த்தால், உள்ளம் உருகவேண்டும் என்பதற்காக அவர் சிறிதும் சிரமப்படவில்லை என்பது தெரியும்.

இங்கிலாந்தில் அகதிகளுக்கு உதவும் ரேச்சல் என்ற பெண், பேச மறுக்கும் கிழவருக்குத் துணையாக அவருடைய ஊர்மொழி அறிந்த ஒருவரைத் தேடுகிறாள். லண்டனில் பேராசிரியராக இருக்கும் லத்தீஃப் மஹ்மூத் என்பவர் அகப்படுகிறார். கிழவரோ இடையிலேயே தமக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒப்புக்கொண்டு அவளுடைய கோபத்துக்கு ஆளாகிறார். மொழிபெயர்ப்பாளர் இனித் தேவையில்லை. ஆயினும் லத்தீஃப் வருகிறார், ஏனெனில் ரஜப் ஷாபான் மஹ்மூத் என்பது அவருடைய தகப்பனார் பெயர். தகப்பனார் இறந்த பிறகு அவர் பெயரைச் சுமந்துகொண்டு கடலோரச் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கும் இந்தக் கிழவர் யார் என்று பார்க்க வருகிறார். கருங்காலி மேசையைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பிய அந்தச் சிறுவன் அவர்தாம்.

இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவே கதை. ஒருவர் தம் நினைவில் உள்ளதைச் சொல்ல, மற்றவர் ‘அப்படியில்லை, அன்று நடந்தது வேறு’ என்று மறுக்க, மறுத்ததைக் கேட்டு முதலாமவர் தம் பேச்சைத் திருத்திக்கொள்ள, மேசையும் வீடும் அமைச்சரும் மறுபடி மறுபடி வருகின்றன. லத்தீஃப் சிலவற்றை ஒப்புக்கொள்கிறார், சிலவற்றை ஒப்புக்கொள்வதில்லை. வீடு யாருக்கு உரியது என்பது நாவல் முடிந்த பின்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் தம் தெருவையும் கடையையும் இறந்துபோன மனைவியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் தலையசைக்கக்கூடிய மனிதர் அந்த இங்கிலாந்தில் கிழவருக்கு இவர் ஒருவரே. இப்படிப்பட்ட சிநேகத்தை அன்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கணக்கை இருவரும் சேர்ந்து சரிபார்ப்பது என்றால் இன்னும் பொருந்தும்.

ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய பார்ட்டில்பி என்ற கதை இந்நாவலில் இருவருக்கும் பிரியமானது. அந்தப் பார்ட்டில்பி யார்? வக்கீல் ஒருவரிடம் சட்டத் தஸ்தாவேஜுகளை நகலெடுக்கும் குமாஸ்தா. ஒரு நாள் அந்த வேலையைச் செய்ய மறுத்துவிடுகிறான். குர்னா இதை அலங்காரமாகச் சேர்த்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னை வாட்டும் கவலை இங்கேதான் பிறக்கிறது. மனிதனின் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு முழுவதையும் எடுத்துக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்ட காலம் இது. ஆனால் உண்மையான அகதிகள் பலருக்குக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் இருப்பதில்லை. இதை அறியாதவர்களல்லர் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்கள். ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் ஆஜராகிக் காரணம் சொல்பவரை முறையின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கலாகாது என்று அதன் 31ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததும் காகிதத்தில்தானே. இந்நாவல் அச்சேறிய காலத்தில் இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தஞ்சம் கோரியவர்களுக்கு உதவித்தொகையின் பெரும்பகுதியை ரொக்கமாகத் தராமல் கூப்பன்களாகத் தந்தார்கள். கூப்பனைக் கொடுத்துச் சாமான் வாங்கினால் கடைக்காரர் மிச்சச் சில்லறை தரலாகாது என்பது விதி. 2002இல் அந்த ஏற்பாட்டைக் கைவிடுமளவுக்கு எதிர்ப்பு எழுந்தது. ஒருவனுடைய பெயருக்குக் காகிதம் கேட்டவர்கள், அவன் வாங்கும் ரொட்டிக்கும் காகிதமே கொடுத்தார்கள்.

தஸ்தாவேஜு இல்லையென்றால் யாரும் எதையும் சொல்லி உள்ளே வந்துவிடுவார்களே என்று அரசாங்கத் தரப்பார் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. அதை அவர்களே போதிய அளவு உரக்கச் சொல்லி வருவதால் நான் இங்கே விரிக்கவில்லை.

வேறொரு குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்து முழுவதும் தேடி அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளர், கிழவர் எவருடைய பெயரைத் திருடினாரோ அவருடைய மகனாகவே இருப்பது நம்பத் தகாத யதேச்சை என்கிறார்கள். ஒரு சின்னத் தீவிலிருந்து அந்த நாட்களில் புறப்பட்டு, லண்டனில் உயர்ந்த உத்தியோகத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்று அவர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. லத்தீஃபுக்குப் பதிலாக வேறொருவர் அந்தக் கடலோர வீட்டின் கதவைத் தட்டியிருந்தாலும், அவருக்கும் அதே தெருவில் ஏதோ ஒரு வீட்டின்மீது ஒரு பழைய பாத்தியதை இருந்திருக்கும்.