கப்பல் டிக்கெட்டில் எழுதாத செலவுகள்

2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, கோர்டெலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் வங்கக் கடலில் கிளம்பியது. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டு, ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் அமெரிக்கர்களைச் சுமந்துகொண்டிருந்த பழைய கப்பல் அது. நீச்சல் குளம், நாடக அரங்கு, கேசினோ எல்லாம் உண்டு. அந்தக் கேசினோவே வம்பாகிவிட்டது. சூதாட்டம் நடக்கும் கப்பல் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று புதுச்சேரியில் எதிர்ப்பு எழ, அந்த மாதம் கப்பல் அங்கே ஆளை இறக்காமலே திரும்பியது.

டிக்கெட்டில் ஒரு ஊரின் பெயர் இருப்பதால் மட்டும் அந்த ஊரில் கால் வைத்துவிடுவோம் என்று சொல்ல முடியாது. புயல், துறைமுக நெரிசல், அரசு அனுமதி என எந்தக் காரணத்துக்காகவும் வழியை மாற்றும் உரிமையை ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் பயண ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அந்த ஊருக்கான துறைமுக வரி திரும்பக் கிடைக்கும். கட்டணம் கிடைக்காது. பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. குரூஸில் பணம் கரைவதெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் ஏறும் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்படுபவை. 2012-இல் திறக்கப்பட்ட மரினா பே முனையத்திலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகளில் போய்த் திரும்பும் பயணங்கள். மகன் அங்கே வேலையில் இருப்பான், அப்பா அம்மா சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போவார்கள், எல்லோருமாகக் கப்பலில் நான்கு நாள். இந்தக் கட்டுரைக்கும் அந்தக் குடும்பமே கணக்கு.

முதல் கேள்வி, எந்தக் கேபின். ஜன்னலே இல்லாத உள்ளறை, கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை, சூட் என்று நான்கு வகை. விலை இந்த வரிசையில் ஏறும். உள்ளறை பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடி. குளியலறை, அலமாரி, இரட்டைக் கட்டில் எல்லாம் அதற்குள்ளேயே. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு ரயில் பெர்த் மாதிரி மேலிருந்து ஒரு படுக்கை இறங்கும். அறுபது வயது மாமியாரை ஏணியில் ஏறச் சொல்ல முடியாது என்பதைப் புக்கிங்கின் போதே யோசித்துவிட வேண்டும். நான்கு பேர் ஒரே அறையில் போவதைவிட நடுவில் கதவு வைத்த இரண்டு உள்ளறைகள் பல சமயம் நிம்மதி. இரண்டு குளியலறை கிடைக்கும். காலை எட்டு மணிக்குக் கரை இறங்கும் நாளில் இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும்.

மூன்று இரவுப் பயணத்துக்கு பால்கனி வேண்டுமா? பெரும்பாலோருக்கு வேண்டாம். சாயங்காலம் கிளம்பும் கப்பலில் முதல் நாள் இருட்டிவிடும். மற்ற நாட்களில் பகல் முழுக்க ஊரிலோ மேல்தளத்திலோ கழியும். அலாஸ்காவின் பனிமலையையும் நார்வேயின் மலையிடுக்குகளையும் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் பால்கனி காசுக்குத் தகுந்தது. ஒரு விலக்கு உண்டு: அதிக நடமாட்டம் முடியாத பெரியவர்கள். அவர்களுக்குப் பால்கனி நாற்காலிதான் முழுப் பயணமும். அங்கே கொடி கட்டி வேட்டி காயப்போடுவது மட்டும் கூடாது. காற்றில் பறக்கும் துணி எங்கே போய்ச் சிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் கப்பல்காரர்கள் அதில் கண்டிப்பு.

அறையின் வகையைப் போலவே இடமும் முக்கியம். கப்பல் ஒரு சீசா பலகை போல நடுவில் குறைவாகவும் முனைகளில் அதிகமாகவும் ஆடும். எனவே தலைசுற்றல் உள்ளவர்களுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் இடையில் ஒதுங்கிக் கிடப்பதால் அங்கே பெரிய அலை அபூர்வம். ஜூன், ஜூலை வங்கக் கடல் அப்படியில்லை. ஆவோமின் மாத்திரை போடுகிறவர்கள் தலை சுற்றிய பிறகு போடாமல், கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு.

அறை எண்ணைத் தேர்வு செய்யும்போது தள வரைபடத்தில் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. மேலே பஃபே கூடம் இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தம்தம். மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம் உத்தமம். ‘எண் பிறகு தரப்படும்’ என்று மலிவாக விற்கும் கேபின்கள் தனியாகப் போகும் இளைஞர்களுக்குச் சரி. இரண்டு அறை எடுக்கும் குடும்பத்துக்கு ஆகாது. ஒன்று கப்பலின் தலையிலும் மற்றொன்று வாலிலும் கிடைத்தால் கேட்க முடியாது.

அடுத்தது விசா. ஏஜென்ட்டுகளே சறுக்கும் இடம் இது. சிங்கப்பூரில் இறங்கி, கப்பல் ஏறி, மலேசியா போய், மறுபடி சிங்கப்பூருக்குள் வருவது குடிவரவுச் சட்டப்படி இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவரை முனையத்திலேயே ஏற விட மாட்டார்கள். சிங்கப்பூரின் வருகை அட்டையையும் திரும்பி வரும்போது இன்னொரு தடவை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் 2023-இன் கடைசியிலிருந்து இந்தியருக்கு விசா விலக்கு கொடுத்தன; அது சலுகைதான், எப்போது வேண்டுமானாலும் மாறும். டிக்கெட் போடும் அன்றே அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தப் பயணங்களில் பொதுவான விதி. கப்பல் புறப்படும் அன்று காலை விமானத்தில் போய் இறங்குவது விஷப்பரீட்சை. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். முனையத்தில் பெரிய பெட்டிகளைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அறை எண் அச்சிட்ட காகிதத்தை வீட்டிலேயே பிரிண்ட் எடுத்துக் கைப்பிடியில் பின் அடித்துக்கொண்டு போவது சௌகரியம். அந்தப் பெட்டி அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, குழந்தைக்கு மாற்றுத் துணி, நீச்சல் உடை இவையெல்லாம் கைப்பையில் இருந்தால் மத்தியானமே குளத்தில் இறங்கலாம். இல்லாவிட்டால் ஜீன்ஸோடு கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எடுத்துப் போகக் கூடாதவற்றில் நம் வீட்டுச் சாமான்களே அதிகம் மாட்டும். அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர், தண்ணீர் காய்ச்சும் காயில், ஊதுவத்தி, விளக்கு எதற்கும் அனுமதி இல்லை. நடுக்கடலில் தீ பிடித்தால் ஓட இடம் கிடையாது. ஸ்கேனரில் தெரிந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். வீட்டில் செய்த புளிசாதத்துக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் பெரும்பாலான கப்பல்களில் அனுமதி கிடையாது. கடையில் வாங்கிய, சீல் உடைக்காத முறுக்குப் பாக்கெட் பொதுவாகத் தப்பும். கசகசா மட்டும் மறந்தும் வேண்டாம். குருமாவுக்குப் போடுவது என்று நாம் நினைத்தாலும் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள். ஈ-சிகரெட்டும் சிங்கப்பூரில் தடை.

வைக்க வேண்டியவற்றில் ஒன்று பலருக்குத் தெரியாது. கேபின் சுவர் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் தொப்பி, ஈரத்துணி, கைப்பை எல்லாம் சுவரில் ஏறிவிடும், தரை மிச்சமாகும். ஏசி குளிருக்கு ஒரு சால்வை. ராத்திரி பெரிய உணவுக்கூடத்தில் அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்தலாம். கோட்டு, டை இல்லையே என்ற கவலை நமக்குத் தேவையில்லை. பட்டுப்புடவையும் சரிகை வேட்டியும் எந்தக் கப்பலின் விருந்து இரவுக்கும் செல்லும். சைவம் சாப்பிடுகிறவர்கள் புக்கிங்கிலேயே பதிந்து, முதல் ராத்திரி மேஜையில் பரிமாறுபவரிடமும் ஒருமுறை சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து தனியாகவே கொண்டுவந்து வைப்பார்கள்.

ஏறிய உடனே எல்லோருக்கும் அவசரகாலப் பயிற்சி உண்டு. அலுப்பாக இருக்கும், ஆனால் தட்டிக் கழிக்கக் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு எங்கே கூட வேண்டும் என்றே தெரிந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்றிருந்த சர்வதேச விதி, அதற்குப் பிறகுதான் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே என்று மாறியது.

கரையில் இறங்கும் நாளில் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. புக்கெட் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், பாக்கெட்டில் இருக்கும் போன் மட்டும் தாய்லாந்து கோபுரத்தைப் பிடித்துத் தானாக மாறிவிடும். போனில் மணி 3.30 ஆகும்போது கப்பலில் 4.30. அங்கே பெரிய கப்பல்கள் பட்டோங் கடலில் தள்ளி நின்று படகில் ஆளைக் கொண்டுபோவதால் கடைசிப் படகைத் தவறவிட்டால் கப்பலும் போச்சு. ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே கட்டிக்கொண்டு போவது மேல். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் தனியார் சுற்றுலா போய்த் தாமதமாக வந்த எட்டுப் பேரை ‘நார்வீஜியன் டான்’ கப்பல் விட்டுவிட்டுக் கிளம்பிய செய்தி உலகமெங்கும் ஓடியது. நாடு நாடாகத் துரத்தி, ஒருவழியாக செனகலில்தான் சிலர் கப்பலைப் பிடித்தார்கள்.

பினாங்கில் இந்தப் பயமில்லை. ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் கரையைத் தொட்டு நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவும் 1833-இல் எழுந்த குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரம். கப்பல்காரர் விற்கும் சுற்றுலா டிக்கெட்டுக்கு அங்கே அவசியமே இல்லை. போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் போய் வருவதென்றால் நிலைமை வேறு. சாலை நெரிசலில் மாட்டினால் கப்பல் ஏற்பாடு செய்த பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். தனி டாக்சிக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இனி டிப்ஸ். நம்மவர்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். ராயல் கரீபியன் போன்ற அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண அறைக்கு ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 18 டாலர் தானாகவே கணக்கில் ஏறும். குழந்தைக்கும் அதே தொகை. நான்கு பேர், நான்கு இரவு என்றால் 288 டாலர். ஏறக்குறைய 25,000 ரூபாய். டிக்கெட் விலையைப் பார்த்து “அடடே, மலிவு” என்றவர் கடைசி நாளில் முகம் சுளிப்பது இங்கேதான். அதனால் இதைப் புக்கிங்கின் போதே சேர்த்துக் கட்டிவிடுவது மனசுக்கு லேசு. வேறு வழக்கமும் உண்டு: பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019-இல் இந்தத் தினசரித் தொகையையே எடுத்துவிட்டது. எந்தக் கப்பலானாலும், “டிப்ஸ் கட்டணத்துக்குள் அடக்கமா?” என்ற ஒரு கேள்வியை ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

விருப்பமில்லை என்றால் சில கப்பல்களில் வரவேற்பு மேஜையில் சொல்லி இந்தத் தொகையை நீக்கிவிடலாம். அது சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்பவருக்கும் பரிமாறுபவருக்கும் மட்டும் போவதில்லை. கண்ணில் படாத சலவை, சமையல் ஆட்களுக்கும் பிரிகிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வந்து, வாரவிடுமுறை என்ற ஒன்றே இல்லாமல் உழைக்கிறவர்கள் அவர்கள். சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுக்கு உறுதி செய்வதே ஒரு நாளைக்குப் பத்து மணி நேர ஓய்வுதான். தினசரித் தொகையைக் கட்டிவிட்டால் அதற்கு மேல் கடமை எதுவும் இல்லை. தாத்தாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போன கேபின் பையனுக்குக் கடைசி ராத்திரி ஐந்து பத்து டாலர் கையில் கொடுப்பது அவரவர் மனசு.

மதுவுக்கும் ஸ்பாவுக்கும் பல கப்பல்களில் சுமார் 18 சதவீதம் டிப்ஸ் தனியாக ஏறும். மது பேக்கேஜ் வாங்குவதென்றால் பல கப்பல்களில் ஒரே அறையில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். கணவர் இரண்டு பீர் குடிக்க, தொட்டே பார்க்காத மனைவிக்கும் முழுப் பணம். தனித்தனியாக வாங்கிக் குடிப்பதே மிச்சம்.

போன் கணக்கு இன்னும் மோசம். கரை மறைந்ததும் கப்பலின் சொந்தக் கடல் நெட்வொர்க்கைப் போன் பிடித்துக்கொள்ளும். சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக்குகளில் அது பெரும்பாலும் சேராது. கப்பல் கிளம்பும் முன் எல்லோருடைய போனையும் ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபை மட்டும் திறந்து வைக்க வேண்டும். கப்பல் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசிக்கும் டாலரில் பில் வரும் என்பதால் குரூஸுக்கும் செல்லும் பயணக் காப்பீடு அவசியம்.

இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டியைப் பூட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுத்தும் துணியை வெளியே எடுத்து வைக்காமல் பூட்டியவர்கள் நைட்டியோடு முனையத்தில் நின்ற கதைகள் உண்டு. அதே இரவில் டிவியிலோ ஆப்பிலோ அறைக் கணக்கைத் திறந்து, குடிக்காத ஜூஸ், போகாத டூர் என்று தவறாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே கீழே போய்ச் சொல்லுங்கள். காலையில் அந்த மேஜை முன்னால் வரிசை நீளமாக நிற்கும், கார்டில் பணமும் போயிருக்கும்.