குறைந்த வேகத்தில் ஒரு குட்டி ஜிம்னாஸ்ட்

அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகரை நம்மில் பலருக்கு 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் மூலமாகத்தான் தெரியும். வால்ட் இறுதிப் போட்டியில் அவர் பெற்றது 15.066 புள்ளிகள். வெண்கலம் வென்ற ஸ்விட்ஸர்லாந்து வீராங்கனையைவிட 0.150 தான் குறைவு. நான்காம் இடம் என்றாலும் நாடே கொண்டாடியது. ஆனால் ஆறு வயதில் பயிற்சிக்குப் போனபோது அவருக்குத் தட்டைப் பாதம் இருந்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. உள்ளங்கால் வளைவில்லாத குழந்தைக்கு எம்பிக் குதிப்பதும் கடினம், குதித்த இடத்தில் அசையாமல் நிற்பதும் கடினம். பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி வித்தைகளுக்கு அவசரப்படாமல் அந்தப் பாதத்தோடு நெடுநாள் பாடுபட்டார். அதே தீபா 2024-இல் தாஷ்கண்ட் நகரில் ஆசிய சாம்பியன் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது!

நம் சங்க நிகழ்ச்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு குடும்பத்துக்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அவர்களுடைய மகளுக்கு ஒன்பது வயது. மூன்று வருடமாக ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். கூடச் சேர்ந்த பெண்கள் எல்லாரும் மேல் குழுவுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஏழு வயதுப் பொடிசுகளோடு நிற்கிறாள். "மாமா, இவளுக்கு இது வராதோ? நிறுத்திப் பாட்டு கிளாஸில் போட்டுவிடலாமா?" என்று அவள் தாயார் என்னிடம் கேட்டார்.

தடையாக இருப்பது 'கிப்' என்கிற ஒரே ஒரு வித்தை. கம்பியைப் பிடித்து முன்னால் வீசிப் போக வேண்டும். உடல் முழுதாக நீண்டதும் கால்களைச் சட்டென்று மடக்காமல் தூக்கி, கணுக்கால் கம்பியைத் தொடும்படி கொண்டுவர வேண்டும். திரும்பி வரும் வீச்சில், பேண்ட் போட்டுக்கொள்வது போலக் கம்பியைக் கால் வழியாக இடுப்பு வரை இழுத்து மேலே எழ வேண்டும். சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகாது, ஆனால் பல குழந்தைகளுக்கு இதில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடுகிறது. வயிற்றுத் தசை, தோள் பலம், சரியான தருணம், மூன்றும் ஒரே நொடியில் கூட வேண்டும். ஒன்று பிந்தினால் மற்ற இரண்டாலும் பயனில்லை.

ஒரு நாள் மாலை நானும் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அவளுக்குக் கம்பியில் கிடைத்தது ஆறே முறை. மற்ற நேரமெல்லாம் வரிசையில் நின்றாள். வீச்சு நன்றாக இருக்கிறது. கால் மேலே வருவதற்குள் வயிறு தளர்ந்துவிடுகிறது. பயிற்சியாளரிடம் "எப்போது வரும்?" என்று கேட்காமல், "இதற்கு முந்தைய படியில் எது குறைகிறது?" என்று கேட்கச் சொன்னேன். அவர் உடனே பதில் சொன்னார்: தொங்கிக்கொண்டு காலை நீட்டித் தூக்குவது, மல்லாந்து படுத்து முதுகைத் தரையில் அழுத்தியபடி கால்களையும் தோள்களையும் சற்று உயர்த்தி நிறுத்துவது. இரண்டாவதை வீட்டிலேயே செய்யலாம். வித்தைகளை மட்டும் வீட்டுக் கட்டிலில் முயலக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ரயில்வேயில் பாதையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. தண்டவாளத்தின் அடியிலுள்ள சரளையை எடுத்துச் சலித்துத் திரும்பப் போட்டால், முதல் நாளே எக்ஸ்பிரஸை ஓட விடமாட்டோம். காஷன் ஆர்டர் போட்டு முதலில் 20 கிலோமீட்டர் வேகம். பாதையை இறுக்கிய பிறகு 45, அப்புறம் 75. பயணிகள் முணுமுணுப்பார்கள். சரளை இறுகும் வேகத்தை அவர்களா தீர்மானிப்பது?

அவசரத்துக்கு விதிகளிலும் காரணம் இல்லை. பெண்கள் பிரிவில் சர்வதேச சீனியர் போட்டிக்கு அந்த ஆண்டில் 16 வயது நிறைய வேண்டும். இவளுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. புள்ளி போடும் முறையும் பொறுமைக்காரர்கள் பக்கம்தான். கடினத்துக்குத் தனி மதிப்பெண், சுத்தமாகச் செய்வதற்குப் பத்திலிருந்து கழித்துக்கொண்டே வரும் தனி மதிப்பெண். சிறு பிழைக்கு 0.1, அடுத்ததற்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, விழுந்தால் முழுசாக 1 போய்விடும். முழங்கை மடங்கி அவசரமாக வந்த வித்தையைப் பிற்பாடு திருத்துவது, புதிதாகக் கற்பதைவிடச் சிரமம். (பிள்ளைகள் செய்வதை எல்லாம் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒப்பிடும் பெற்றோர்களுக்கு அந்த முழங்கை கண்ணில் படுவதே இல்லை!)

ஆனாலும் மெதுவாக வருவதெல்லாம் ஒரே வகை அல்ல. திடீரென்று உயரம் கூடும் காலத்தில் முன்பு வந்த வித்தைகூடச் சில மாதம் மறந்துபோகும்; அதற்கு மருந்து காத்திருப்பதுதான். மணிக்கட்டு வலி என்று குழந்தை சொன்னால் காத்திருக்கவே கூடாது. உடல் பாரம் முழுவதும் கையில் விழும் விளையாட்டு இது. மணிக்கட்டில் எலும்பு வளரும் இடம் பாதிக்கப்படலாம். டாக்டரிடம் காட்டி ஓய்வு கொடுக்க வேண்டும். பின்னோக்கிப் போகப் பயந்தால் அதைச் சோம்பல் என்று திட்டுவது பெரும் தவறு. சிமோன் பைல்ஸே 2021-இல் டோக்கியோவில், காற்றில் தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரியாமல் போட்டிகளிலிருந்து விலகினார். சில நாளில் பீம் போட்டியில் மட்டும் இறங்கி வெண்கலம் வாங்கினார். பயந்த குழந்தையை இரண்டு படி கீழே இறக்கி ஆரம்பிப்பதில் என்ன அவமானம்?

நிறுத்துவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொன்னேன். அதுவும் பயிற்சி முடிந்து அழுதுகொண்டு வரும் நாளில் அல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். போகும் நாளன்று வயிற்றுவலி என்கிறாளா, பையை முந்திய இரவே எடுத்து வைக்கிறாளா என்பதையும் கவனிக்கச் சொன்னேன். பை முந்திய இரவே தயாராகிவிடுகிறதாம். சின்னக் குழந்தைகளோடு நிற்பது மட்டும்தான் அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம். பயிற்சியாளர் அதற்கு ஒரு வழி செய்தார்: கம்பிக்கு மட்டும் கீழ்க் குழு, தரைப் பயிற்சிக்குப் பழைய தோழிகளோடு.

தாயார் இப்போது ஒரு நோட்டில் மற்றவர்களைப் பற்றி எதுவும் எழுதாமல், மகள் மல்லாந்து உடலை நிறுத்தும் நொடிகளை மட்டும் எழுதி வைக்கிறார். பன்னிரண்டில் ஆரம்பித்தது, முப்பத்தைந்துக்கு வந்திருக்கிறது. கிப் இன்னும் வரவில்லை. போன வாரம் சங்கத்தில் பார்த்தபோது, "தாத்தா, கம்பி இப்போ தொடை வரைக்கும் வருது" என்று கையால் அளந்து காட்டினாள். இடுப்புக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது.