திலகவதியார் காட்டிய வழி

பண்ருட்டியை அடுத்த திருவதிகையில், வீரட்டானேசுவரருக்குத் தொண்டு புரிந்து வாழ்ந்தவர் திலகவதியார். அவரையும் சைவ நெறியையும் விட்டுச் சென்ற தம்பி மருள்நீக்கியாரைக் கொடிய சூலைநோய் பற்றியது. வலி தாளாத தம்பி, இரவில் வந்து தமக்கையின் அடிபணிந்தார்.

பிரிந்து போனதற்காக அம்மையார் சினக்கவில்லை. அறியாது துயருற்றீர் என இரங்கி, எழச் செய்து, திருநீறு அளித்தார் என்கிறது பெரியபுராணம். விடியுமுன் துடைப்பமும் தோண்டியும் ஏந்தித் திருப்பணிக்குப் புறப்பட்டபோது, தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே முதல் பதிகம் பிறந்தது, நோயும் நீங்கியது. அவரே திருநாவுக்கரசர்.

பரிசோதனை முடிவுக்காக அஞ்சிக் காத்திருக்கும் இல்லங்களில், “அன்றே சொன்னேனே” என்ற சொல் எழலாகாது. உரிய மருத்துவத்தைத் தாமதமின்றிச் செய்வித்து, மாலை விளக்கேற்றுகையில் நோயுற்றவரையும் அருகில் அமர்த்திக்கொள்வோம்.