எழுதுவதற்கு இரண்டு நாள்: எந்த ஊருக்குப் போகலாம்?

நாவலின் மூன்றாவது அத்தியாயம் எட்டு மாத காலமாக மேஜை இழுப்பறையில் நித்திரை செய்கிறது. எழுதியவர் சென்னையில் உத்தியோகம் பார்ப்பவராயிருக்கலாம். சமையலுக்கும் குழந்தைகளின் பாடத்துக்கும் நடுவே பேனா பிடிக்கும் குடும்பத் தலைவியாகவும் இருக்கலாம். சனி, ஞாயிறுதான் அவர்களுக்கு மிச்சம். அவ்விரு நாளும் வீட்டில் இருந்தாலோ விருந்தாளி வருவார், குழாய் ரிப்பேர்க்காரர் வருவார், எழுத்து மட்டும் வராது. ஆகவே வெளியூர் போவதென்று தீர்மானமாகிறது. எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் அறையில் உட்கார்ந்து, ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் கைக்கு வருவது முப்பது மணி நேரம். உறக்கம், உணவு, ஸ்நானம், சற்று உலாவல் எல்லாம் போகப் பதின்மூன்று மணிக்கு மேல் தேறாது. அதிலும் உண்மையாக எழுதுவது எட்டு மணி நேரம் என்றால் பெரிய காரியம். உதகமண்டலத்துக்கும் குற்றாலத்துக்கும் ஆசைப்படுகிறவர்கள் இந்த எட்டு மணியைப் பிரயாணத்துக்கே தானம் செய்துவிடுகிறார்கள்.

உறவினர் உள்ள ஊரும் உதவாது. கும்பகோணத்தில் சித்தப்பா வீடு இருந்தால் அங்கே காப்பி கிடைக்கும், பலகாரம் கிடைக்கும், தனிமை கிடைக்காது. பார்க்க வேண்டியது அதிகமுள்ள ஊரும் அப்படியே. 1010-ஆம் ஆண்டில் முடிந்த பெரிய கோயிலைத் தஞ்சையில் வைத்துக்கொண்டு அறைக்குள் குனிந்து எழுத யாருக்கு மனம் வரும்? மாமல்லபுரம் சுமார் 55 கிலோ மீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் விடுமுறை நாட்களில் சென்னையில் பாதி அங்கே வந்துவிடுகிறது.

தரங்கம்பாடியை விட மனம் வரவில்லை. 1620-ல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, கடலோரத்து மாசிலாமணிநாதர் ஆலயம், சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிட்ட தெருக்கள் எல்லாம் அமைதியாகவே இருக்கின்றன. மாலையில் அலையின் ஓசையைத் தவிர வேறு சத்தம் குறைவு. ஆயினும் சென்னையிலிருந்து போய் வரவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மூன்று நாள் விடுமுறைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சுவது புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக 150 கிலோ மீட்டர். மூன்றரை மணிப் பிரயாணம். எழுதுகிறவர்களுக்கு அந்த ஊரிடம் ஒரு கடனும் உண்டு. 1908-ல் "இந்தியா" பத்திரிகையின் மீது ஆங்கில அரசாங்கம் பாய்ந்து, சட்டப்படி ஆசிரியராகப் பதிவாயிருந்தவரைக் கைது செய்த சமயம், பாரதியார் பிரெஞ்சு எல்லைக்குள் சென்றார். பத்து வருஷம் அங்கே இருந்தார். வறுமையும் ஒற்றர் தொல்லையும் நீங்காத அந்தப் பத்து வருஷத்தில்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். நம்மவர் இரண்டு நாள் தனிமைக்காக அறை தேடுகிற ஊரில், அவர் எழுதும் உரிமைக்காகவே குடியிருந்தார்.

அறை எடுக்கும்போது கடற்கரைப் பக்கத்து வெள்ளை நகரத்துக்கு ஓடவேண்டாம். வாடகையும் அதிகம், சனிக்கிழமைக் கூட்டமும் உல்லாசமும் நள்ளிரவு வரை நீளும். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில், தாழ்வாரமும் முற்றமுமுள்ள பழைய வீடுகள் சில விடுதிகளாக இருக்கின்றன. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வசித்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் நினைவில்லங்களாக அப்பகுதியிலேயே உள்ளன. இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை எழுத்து முடிந்தபின் பார்த்தால் போதும். முன்னால் பார்த்தால் நம் அத்தியாயம் நமக்கே அற்பமாகத் தோன்றிவிடும்! மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். கதாபாத்திரத்தோடு மனத்துக்குள் வாதாடிக்கொண்டே நடக்க அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை.

குடும்பத் தலைவி போவதானால், இரண்டு நாள் சமையலை முன்கூட்டியே செய்து அடுக்கிவிட்டுப் போகும் வழக்கத்தை வீட்டார் தடுக்க வேண்டும். அந்தக் களைப்போடு வண்டி ஏறினால் சனிக்கிழமை முழுவதும் உறக்கத்திலேயே போய்விடும். வீட்டுக்காரர் சாதம் வடிக்கட்டும். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கைப்பேசியில் அழைக்காமலிருந்தால் இன்னும் உத்தமம்.