வௌவாலின் இறகு ஒரு கைதான்



திருவாலங்காட்டின் பக்கம் மாலையில் ஆலமரத்தடியில் நின்றால், பழம் தேடி வரும் வௌவாலைப் பார்க்கலாம். அதன் இறகு உண்மையில் ஒரு கை. நம்மைப் போலவே ஐந்து விரல்கள். கட்டைவிரல் மட்டும் கொக்கிபோல் வெளியே நிற்கும். மற்ற நான்கும் நீண்டு, தோல்சவ்வைக் குடைக்கம்பிகள்போல் விரித்துப் பிடிக்கும்.

நம் கைக்கு உணர்வு தரும் நரம்புகள் பெரும்பாலும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வருகின்றன. வௌவாலுக்கு அது போதாது. அமெரிக்கப் பழுப்பு வௌவாலை ஆராய்ந்தவர்கள் 2015இல் வெளியிட்ட முடிவு வியக்க வைக்கிறது: இறகுக்கு உடற்பகுதித் தண்டுவடத்திலிருந்தும் நரம்புகள் வருகின்றன! கருவில் இறகு வளரும் விதமே இதற்குக் காரணம் என்கிறார்கள்.

சவ்வில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. காற்றோட்டத்தை உணர்பவை அவைதான். அவற்றை நீக்கியபோது வௌவால்கள் வேகம் கூட்டின, திருப்பங்களில் அகன்று வளைந்தன.

இத்தனை உணர்வுள்ள இறகு பட்டம் விடும் மாஞ்சா நூலில் சிக்கினால் கிழிந்துபோகும். அடிபட்ட வௌவாலைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.